எழுதச் சொன்ன வேதமும் எழுதாமல் சபர் போகும் சமுதாயமும்



வெள்ளிதோறும் நம் பள்ளிவாசல்களில் அயல்நாட்டில் பிழைக்கும் சகோதரர்களுக்காகத் துஆ கேட்கப்படுகிறது. கேட்கட்டும்; அவர்களுக்கு அது தேவை. ஆனால் அந்தத் துஆவில் ஆமீன் சொல்லும் நாம் ஒரு வளைகுடாச் சபுராளியின் துன்பம் எது என்று எண்ணிக்கொண்டு ஆமீன் சொல்கிறோம்? ஐம்பது பாகை வெயிலையும், ஓர் அறையில் எட்டுப்பேர் படுக்கும் அடுக்குக் கட்டிலையும், இரக்கமற்ற கஃபீலையும் எண்ணுகிறோம். இவை உண்மைதான். எனினும் பத்தாண்டு அங்கே கழித்தவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். தம்மை உண்மையில் தேய்த்த விஷயமாக அவர் சொல்வது வேறாக இருக்கும். எந்தச் சாளரத்தின் முன் எத்தனை முறை நின்றார், எந்தத் தாளில் எந்த எழுத்து பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டார், எந்த முத்திரைக்காக விடுமுறையில் பாதி நாட்களை இழந்தார் என்பவற்றையே சொல்வார். வெயில் மாலையில் தணிந்துவிடும். தாள் தணிவதில்லை.

அந்தத் தாள் தொல்லையில் பெரும்பகுதி அரபு நாட்டில் பிறப்பதில்லை என்பதே நம் வாதம். அது கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் கடையநல்லூரிலும் பிறக்கிறது. நம் வீட்டிலும் நம் ஜமாஅத் அலுவலகத்திலும் வைத்துக் கட்டப்பட்டுப் பெட்டியோடு விமானம் ஏறுகிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். தகப்பன் பெயரின் முதலெழுத்து, சில ஊர்களில் அதற்கு முன் வீட்டுப் பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர் என்பது நம் முன்னோர் வழக்கம். ஊருக்குள் அது போதும். அரபு நாட்டின் கணினிக்கு அந்தப் புள்ளி வைத்த எழுத்து ஒரு பெயரே அல்ல. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றாக விடுபவர் நம்மில் ஏராளம். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளைச் சுற்றுலா, வருகை விசாக்களில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, நம் பக்கத்துக் குடும்பங்கள் பட்ட பதற்றம் நினைவிருக்கும். இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அந்தப் பதற்றம் அடங்கியதும் எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் கடவுச்சீட்டு திருத்தப்பட்டது?

இதைவிடப் பெரிது எழுத்துக்கூட்டு. நம் நபியின் திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'ஓ' போடுவார் ஒருவர், 'யு' போடுவார் இன்னொருவர். நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ஏ' வருமா 'இ' வருமா என்பதற்குக் கணக்கில்லை. அவசரக்காரர் 'எம்டி' என்று சுருக்கிவிடுவார். பிறப்புச் சான்றிதழை நகராட்சி எழுத்தர் ஒருவிதமாக எழுதுகிறார். பள்ளிச் சான்றிதழில் ஆசிரியர் வேறுவிதமாக எழுதுகிறார். ஆதாரில் மூன்றாவது வடிவம். கடவுச்சீட்டில் நான்காவது. இத்தனையும் ஒரே மனிதனைக் குறிப்பவை என்பது நமக்குத் தெரியும். ரியாத்தில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் அவற்றை நான்கு மனிதர்களாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நாற்பது வயதில் வேலையிடத்தில் விடுப்புக் கெஞ்சி, பயணச்சீட்டுக்குச் செலவழித்து ஊர் வந்து, அரசிதழில் பெயர்மாற்றம் செய்து ஓடுகிறார் ஒருவர். அவர் ஏழாம் நாள் அகீகா கொடுக்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்டபோது ஐந்து நிமிடம் ஒதுக்கி, எழுத்துக்கூட்டை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள எல்லோரும் இதையே பயன்படுத்துங்கள் என்று சொல்ல ஒருவர்கூட அந்த வீட்டில் இருக்கவில்லை. ஆடு அறுக்க ஆள் இருந்தது.

அடுத்தது நிக்காஹ் பதிவேடு. இதைச் சொல்லும்போது சில ஜமாஅத் பொறுப்பாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மணமகனின் பெயரை நோட்டில் எழுதுபவர் தமிழில் எழுதுகிறார், அல்லது தாம் அறிந்த ஆங்கிலத்தில் எழுதுகிறார். மணமகளின் பெயராக வீட்டில் கூப்பிடும் பெயர் ஏறிவிடுகிறது. 'உம்மு' சேர்கிறது, 'பீவி' விடுபடுகிறது. பிறந்த தேதி தோராயம். சாட்சிகளின் கையெழுத்து உண்டு, முகவரி இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் 90 நாட்களுக்குள் திருமணத்தை அரசிடம் பதிய வேண்டும். பள்ளிவாசலில் எழுதியாயிற்றே, அது போதாதா என்று கேட்டு அதையும் விட்டுவிடுகிறார்கள். மூன்றாண்டு கழித்து மனைவியை அழைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. அப்போது தொடங்குகிறது ஓட்டம்.

திருமணச் சான்றிதழ் வேண்டும். அதில் உள்ள பெயர் இருவர் கடவுச்சீட்டோடும் பொருந்த வேண்டும். பிறகு அதற்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த முத்திரையோடு வேலை முடியும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் 50 ரூபாய். அதைப் பெற்று அனுப்பும் சேவை நிறுவனத்தின் கூலி தனி. நம் ஆட்கள் இடைத்தரகருக்குக் கொடுப்பதோ ஆயிரங்களில். ஏன் என்று கேட்டால், "யாருக்குத் தெரியும் இதெல்லாம்?" என்கிறார்கள். தெரிந்துகொண்டு சொல்ல ஒருவர்கூட ஊரில் இல்லை என்பதற்கு அரபு நாட்டைக் குறைசொல்ல முடியாது.

குடும்பம் போய்ச் சேர்ந்த பிறகும் கணக்குத் தீராது. சவூதியில் குடும்பத்தாருக்கான தலைவரி 2017 ஜூலையில் மாதம் 100 ரியாலாகத் தொடங்கி, ஆண்டுக்கு நூறாக ஏறி, 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். இகாமாவைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டிய பணம் இது. இந்த வரியால் குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மீண்டும் அடுக்குக் கட்டிலுக்குப் போனவர்களை ஒவ்வொரு ஊரிலும் காணலாம். இது அந்நாட்டின் சட்டம். நம்மால் மாற்ற முடியாது. அங்கே பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது நம் நாட்டின் குடியுரிமைச் சட்டம். தவறினால் மத்திய அரசின் அனுமதிக்கு அலைய வேண்டும். அதையும் நம்மால் மாற்ற முடியாது. நம்மால் மாற்ற முடியாதவை இத்தனை இருக்கும்போது, மாற்றக்கூடியதை வைத்துக்கொண்டு கைகட்டி நிற்பதே நமக்குச் சினமூட்டுகிறது.

இனி விசா. "விசா வந்துவிட்டது" என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் மகிமை வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. என்ன வேலை, யார் முதலாளி, எத்தனை மணி நேரம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பயணச்சீட்டு யார் பொறுப்பு? கேட்டால் விசா கைநழுவிவிடும் என்ற அச்சம். 'ஃப்ரீ விசா' என்று ஒன்று விற்கிறார்கள். அது இலவசமும் அல்ல, சுதந்திரமும் அல்ல. ஒருவர் பெயரில் விசா, வேலை வேறொருவரிடம், பெயருக்குரியவருக்கு ஆண்டுதோறும் கப்பம். அந்நாட்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. கப்பம் நின்ற அன்று 'ஹுரூப்' என்று, அதாவது ஓடிப்போனவன் என்று, ஒரு பதிவு ஏறும்; அதோடு அந்த மனிதன் சட்டத்தின் பார்வையில் தலைமறைவுக் குற்றவாளி. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய குற்றம் அது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். உரிமம் பெற்றவர் யார் என்ற பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அத்தகையவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அந்த அனுமதியைப் பெற வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம்; இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்; விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். இந்த ஏற்பாட்டைத் தாண்டிப் போவதற்காக, வருகை விசாவில் ஏறிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்கிறார். நாமும் அவரைத் திறமைசாலி என்று மெச்சுகிறோம். முந்நூறு ரூபாய்க் காப்பீட்டையும் ஓர் ஒப்பந்தத் தாளையும் மிச்சப்படுத்திக் கொடுத்த திறமை!

சவூதியில் வீட்டு ஓட்டுநராகப் போகும் நம் இளைஞர்கள் கணிசம். 2021 மார்ச்சில் அந்நாடு தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தி, கஃபீலின் ஒப்புதலின்றியே வேலை மாறவும், நாடு போய்வரவும் வழி செய்தது. அந்தத் தளர்வில் வீட்டுப் பணியாளரும் வீட்டு ஓட்டுநரும் சேர்க்கப்படவில்லை. "இப்போது சட்டம் மாறிவிட்டது, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வது அலுவலக ஊழியருக்கு உண்மை, இவருக்குப் பொய். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடிய இளைஞர்களுக்கு அதைச் சொல்லும் கடமை யாருக்கு இருந்தது?

இங்கே ஒரு மறுப்பு எழும். "எல்லாவற்றையும் தாளில் பார்த்தால் தவக்குல் எங்கே? நம்மவர்தானே விசா கொடுக்கிறார், சொந்த மச்சான்தானே, அவரிடம் எழுத்துக் கேட்பது அவமானம் அல்லவா?" இப்படிப் பேசுபவர்கள் மார்க்கத்தின் பெயரால் பேசுவதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. தவணையோடு எழுத வேண்டும், நேர்மையாக எழுதுபவர் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறியதோ பெரியதோ எழுதுவதில் சலிப்புக் கூடாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக்கூடாது என்று அது விரிந்து செல்கிறது. அதற்கு அடுத்த வசனமோ பயணத்தில் இருக்கும்போது எழுதுபவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பேசுகிறது. அடைமானம் பெற்றுக்கொள்ளலாம், நம்பிக்கையின்மேல் விட்டால் அமானிதத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது. சபர் போவோருக்கென்றே இறங்கியதுபோல் இருக்கும் இந்த இரண்டு வசனங்களை ரமளானில் ஓதிக் கத்தம் செய்கிறோம். தராவீஹில் பின்னால் நின்று கேட்கிறோம். பெருநாள் கழித்து விசாத் தரகரிடம் வாய்ச்சொல்லில் பணம் கொடுக்கிறோம்.

எழுதுவதை அவமானம் என்போர் ஹிஜ்ரத் இரவையும் எண்ணிப் பார்க்கட்டும். உயிருக்கு ஆபத்துச் சூழ்ந்த நிலையில் மக்காவை விட்டுப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். பயணத்துக்குமுன் கணக்குத் தீர்ப்பது நம் வழிமுறை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய நம் பாட்டன்மார் பேரேடு எழுதாமல் ஒரு நாளும் கடை அடைத்ததில்லை. அந்தப் பழக்கம் பேரன் காலத்தில் எங்கே போயிற்று?

இதில் மிகவும் கசப்பான பகுதிக்கு வருகிறோம். அனுப்பும் பணம்.

மகன் இருபது ஆண்டு அனுப்புகிறான். தகப்பன் கணக்குக்கு, தமையன் கணக்குக்கு, சில சமயம் மைத்துனன் கணக்குக்கு. வேலைக்காக நாடு கடந்தவர் தம் பழைய சாதாரண வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. அதை மாற்றவில்லை. ஊர் சிம் அட்டைக்குப் பணம் போடாமல் எண் செயலிழந்து, ஓடிபி வராமல் கணக்கே பூட்டிக் கிடக்கிறது. எனவே அண்ணன் கணக்கே வசதி. மனை வாங்கப்படுகிறது. வாங்கியவர் ஊரில் இருப்பவர், ஆகவே பத்திரம் அவர் பெயரில். அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பலாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டினால் செல்லும். அது ஒரு நாள் விடுப்புக்கான வேலை. ஆனால் அண்ணனிடம் போய்ப் பத்திரம் என் பெயரில் இருக்கட்டும் என்று சொல்லக் கூசுகிறது.

ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயோடும் இரண்டு பெட்டியோடும் அவர் திரும்பி வரும்போது, அண்ணன் மவுத்தாகியிருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகப்பன் பெயரில் இருந்த சொத்து அவர்களுடையது என்றே அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். நீதிமன்றம் போகலாமா? பணம் கொடுத்தவன் நானே என்று பிறர் பெயரிலுள்ள சொத்துக்கு வழக்குத் தொடுப்பதையே 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பள்ளிவாசலில் பஞ்சாயத்து வைக்கிறார்கள். எழுத்து உண்டா என்று கேட்கிறார்கள். ஆம், அப்போதுதான் கேட்கிறார்கள்! இருபது ஆண்டுக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, சாட்சிகள் இறந்த பிறகு கேட்கிறது நம் சமுதாயம்.

இதனால் அதிகம் நசுங்குபவர் யார் என்று பாருங்கள். கணவன் அங்கேயே மவுத்தாகிவிட்டால், இங்கிருக்கும் மனைவிக்கு அவருடைய சம்பளம் எவ்வளவு, பணிக்கொடை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யாரிடம் கடன், யாருக்குக் கடன் என்று எதுவும் தெரியாது. மஹர் எழுதிய நோட்டு பள்ளிவாசலில். நகை அடகுக் கடையில். மனை கொழுந்தன் பெயரில். இத்தா இருக்கும் நாட்களில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை யாரோ நீட்டுகிறார்கள், அவரும் போடுகிறார். சொல்ல வேண்டிய சொத்து உள்ள ஒரு முஸ்லிம், வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிப்பது தகாது என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நம் சகோதரர்கள் எழுநூறு இரவுகள் கழித்து விடுப்பில் வருகிறார்கள். வந்த இடத்தில் இரண்டு திருமணம், ஒரு கத்னா, ஒரு வீடு குடிபுகல், திரும்பிப் போய்விடுகிறார்கள். எழுதச் சொன்னால், "வாயில் நல்ல வார்த்தை வராதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுகிறார்கள்.

ஜமாஅத்துகள் என்ன செய்கின்றன? சபுராளிகளிடம் சந்தா வசூலிக்கின்றன. துபாயிலும் தம்மாமிலும் கிளை வைத்து வசூலிக்கின்றன. பள்ளிவாசலுக்குப் பளிங்கும், மினாராவுக்கு உயரமும், குளிர்சாதனமும் அந்தப் பணத்தில் வந்தவை. குறை சொல்லவில்லை, அல்லாஹ்வின் வீட்டை அழகுபடுத்தியவர்களுக்கு அவன் கூலி தருவான். ஆனால் அந்தச் சந்தாவைத் தந்தவர் ஓர் ஒப்பந்தத்தில் உள்ள அரபி வரிகளைப் படித்துச் சொல்ல ஊரில் ஆள் தேடினால் கிடைப்பதில்லை. ஏழாண்டு ஓதி ஆலிம் பட்டம் பெற்றவர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அரபி ஜனாஸாவுக்கும் நிக்காஹுக்கும் மட்டும்தானா? தொழிலாளர் ஒப்பந்தத்தின் சொற்கள் மதரஸா அரபியிலிருந்து வேறுபட்டவைதாம். ஒரு மாதம் பழகினால் எந்த ஆலிமுக்கும் அவை வசப்பட்டுவிடும்.

ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போதும். ஓர் ஆலிம், கணினி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர். தரகரின் உரிமத்தை இணையத்தில் பார்த்துச் சொல்லலாம். நான்கு சான்றிதழ்களிலும் பெயர் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுத் தரலாம். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்து விடலாம். வஸிய்யத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கலாம். செலவு என்ன? தேநீர்ச் செலவு. ஆயினும் மினாராவைப்போல் இந்த மேசையில் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்க இடமில்லை. அதனால்தான் எழவில்லையோ என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது.

மேசை வரும்போது வரட்டும். துல்ஹஜ் பெருநாள் விடுமுறையில் வருவோருக்காக எல்லா ஊர்களிலும் நிக்காஹ் தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும். முத்தவல்லிமார்களே, நாட்டாண்மைகளே, பதிவேட்டைத் திறக்கும் முன் மணமகன், மணமகள் இருவரின் கடவுச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்தைப் பார்த்து எழுதுமாறு உங்கள் லெப்பையிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.